எது சரி என்று கேட்பதற்கு முன்

டை-இன் நாவல்களை விடாமல் படிக்கிறவர்கள் ஒரு கட்டத்தில் காலவரிசைப் பட்டியல் போட உட்கார்ந்துவிடுவார்கள். தொலைக்காட்சித் தொடர், திரைப்படம், வீடியோ கேம் இவற்றின் உலகத்தை எடுத்துக்கொண்டு, உரிமையாளரின் அனுமதியோடு எழுதப்படும் அறிவியல் புனைகதைகளைச் சொல்கிறேன். ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் வரிசைக்கு மட்டுமே இப்படி நூற்றுக்கணக்கான நாவல்கள் இருக்கின்றன. என்னிடமும் ஒரு பட்டியல் உண்டு. எந்தக் கதை எந்த ஆண்டில் நடக்கிறது, யார் எந்தக் கப்பலில் இருக்கிறார், யார் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்றெல்லாம் குறித்து வைத்தது. ஆரம்பத்தில் ஒரு பக்கத்தில் அடங்கியது. படிக்கப் படிக்க வீங்கியது. ஒரே ஆள் ஒரே வாரத்தில் இரண்டு கிரகங்களில் இருப்பதும், செத்துப்போனவர் அடுத்த நாவலில் சாவகாசமாக வந்து நிற்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

ரசிகர்கள் கூடினால் பேச்சு பெரும்பாலும் இதைச் சுற்றித்தான். எழுதியவரே அந்தப் பேச்சில் வந்து கலந்துகொள்வது இந்த வகை நாவல்களில் சாதாரணமாக நடக்கும். அவர்களில் பலர் எழுத வருமுன் இதே மாதிரிப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த ரசிகர்கள்தான். இப்படிப் பல வருடங்கள் கேட்டும் படித்தும் எனக்குப் படிந்த உருப்படியான பழக்கம் ஒன்றுதான். முரண் தென்பட்டால் 'எது சரி?' என்று கேட்பதற்கு முன், 'இதை எழுதியபோது இவருக்கு என்ன தெரிந்திருக்கும்?' என்று பார்ப்பேன். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

ஸ்டார் வார்ஸ் முதல் படம் வந்த அடுத்த ஆண்டு, 1978இல், ஆலன் டீன் ஃபாஸ்டர் எழுதிய 'ஸ்ப்ளிண்டர் ஆஃப் தி மைண்ட்ஸ் ஐ' வெளியானது. படத்தின் நாயகன் லூக்குக்கும் இளவரசி லேயாவுக்கும் இடையே அதில் காதல் வாடை அடிக்கும். 1983 படத்தில் இருவரும் உடன்பிறந்தவர்கள் என்று தெரியவருகிறது. இன்று அந்த நாவலை எடுக்கிறவர் கொஞ்சம் நெளியத்தான் செய்வார். ஆனால் ஃபாஸ்டருக்கு அந்தக் கதை ஒப்படைக்கப்பட்டபோது, முதல் படம் எப்படி ஓடும் என்றே யாருக்கும் தெரியாது. சுமாராகப் போனால் குறைந்த செலவில் இரண்டாம் பாகமாக எடுத்துவிடலாம் என்று யோசித்து அமைத்த கதை அது. அதனால்தான் எல்லாம் மூடுபனி சூழ்ந்த ஒரு கிரகத்தில் நடக்கிறது. பனி இருந்தால் செட் செலவு குறையும். ஹான் சோலோவாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு அடுத்த படத்துக்கு அப்போது ஒப்பந்தமாகவில்லை, அதனால் ஹானும் கதையில் இல்லை. 'அந்த நேரத்தில் ஹான் எங்கே போயிருந்தார்?' என்று கதைக்குள்ளேயே தேடினால் விடை கிடைக்காது. விடை தயாரிப்பு அலுவலகத்தில் கிடக்கிறது.

முதல் படத்தின் நாவல் வடிவத்திலும் இப்படி ஒன்று உண்டு. அது 1976 நவம்பரிலேயே, படம் வருவதற்கு ஆறு மாதம் முன்பே வந்துவிட்டது. அட்டையில் ஜார்ஜ் லூகாஸ் பெயர், எழுதியவர் அதே ஃபாஸ்டர். கடைசிப் போரில் லூக் பறப்பது அதில் நீல அணியில். படத்தில் சிவப்பு அணி. படத்தில் வெட்டப்பட்ட, லூக்கின் பால்ய நண்பன் பிக்ஸ் வரும் காட்சிகளும் புத்தகத்தில் இருக்கின்றன. நாவல் வடிவங்கள் பெரும்பாலும் எடிட்டிங் முடிந்த படத்தைப் பார்த்து எழுதப்படுவதில்லை, கையில் கிடைத்த திரைக்கதையை வைத்தே எழுதப்படுகின்றன. இது தெரிந்தால் இந்த வித்தியாசங்களைப் பிழை என்று நினைக்க மாட்டோம். கைவிடப்பட்ட திரைக்கதை ஒன்றின் மிச்சத்தைப் படிக்கிறோம் என்று ரசிக்கலாம். எனக்கு இந்தப் பகுதிகள்தான் ரொம்பப் பிடிக்கும்.

சரி, பட்டியலுக்கு வருவோம். கதை நடக்கும் ஆண்டு ஒரு பத்தி, புத்தகம் வெளியான ஆண்டு ஒரு பத்தி, அந்த நேரம் வரை திரையில் என்னென்ன வந்திருந்தது என்பது மூன்றாவது பத்தி. இந்த மூன்றாவதை யாரும் போடுவதில்லை. மிக அதிகம் உதவுவது அதுதான். பல ஸ்டார் ட்ரெக் நாவல்களின் முகப்பிலேயே, கதை எந்த எபிசோடுக்குப் பிறகு, எந்தப் படத்துக்கு முன் நடக்கிறது என்று சொல்லும் வரலாற்றாசிரியர் குறிப்பு ஒன்று இருக்கும். ஸ்டார் வார்ஸ் நாவல்களின் தொடக்கத்தில் காலவரிசை அட்டவணையே அச்சிட்டிருப்பார்கள். அப்புறம், புத்தகத்தின் கடைசியில் இருக்கும் நன்றியுரையைத் தாண்டிவிடாதீர்கள். எந்த எபிசோடுகளைத் திரும்பப் பார்த்தேன், எந்தச் சக எழுத்தாளரிடம் எதைக் கேட்டுச் சரிபார்த்தேன் என்று பலர் அங்கே எழுதுகிறார்கள். ஸ்டார் ட்ரெக் எழுத்தாளர் கிறிஸ்டோஃபர் எல். பென்னட் இன்னும் ஒரு படி மேலே போய், தன் நாவல்களுக்கு விரிவான விளக்கக் குறிப்புகளையே தனியாக வெளியிடுகிறார். ஒரு வரி எந்த எபிசோடிலிருந்து வந்தது என்று அவரோடு வாதாடப் போகிறவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது நல்லது.

புத்தகத்தைத் திறந்து பதிப்புரிமைப் பக்கத்தைப் பார்த்தாலே எழுத்தாளரின் நிலைமை புரிந்துவிடும். அங்கே இருப்பது பெரும்பாலும் ஸ்டுடியோவின் பெயர். வாடகை வீட்டில் குடியிருப்பது மாதிரிதான். வீட்டை அழகாக வைத்துக்கொள்ளலாம், சுவரை இடிக்க முடியாது. முதலில் கதைச் சுருக்கம் உரிமையாளரின் ஒப்புதலுக்குப் போகும், அப்புறம் முழுக் கையெழுத்துப் பிரதியும் போகும். சுருக்கம் எழுதியதிலிருந்து புத்தகம் அச்சாகி வரும்வரை ஒரு வருடம், சில சமயம் அதற்கும் மேல் ஆகிவிடும். அந்த இடைவெளியில் தொலைக்காட்சியில் ஒரு புதிய எபிசோடு வந்து, நாவலின் அடிப்படையையே தட்டிவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் தொடருக்கு எழுதுகிறவருக்கும், முடிந்துபோன தொடருக்கு எழுதுகிறவருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமில்லை.

ஸ்டார் ட்ரெக்கில் இன்னொரு விதியும் உண்டு. நாவல்கள் திரையில் வந்ததோடு முரண்படக் கூடாது. ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல ரசிகர்களின் கோபம் இதை அறியாததால் வருவது. ஜான் எம். ஃபோர்ட் 1984இல் எழுதிய 'தி ஃபைனல் ரிஃப்ளெக்ஷன்' நாவலைப் பாருங்கள். க்ளிங்கான்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தின் சமூகத்தை, அவர்களின் ஒரு பலகை விளையாட்டை மையமாக வைத்து, அவர்கள் பார்வையிலிருந்தே எழுதியிருப்பார். அதற்குமுன் திரையில் வந்த க்ளிங்கான்கள் ஏறக்குறைய வில்லன்கள் மட்டும்தான், அவர்கள் பண்பாடு என்று காட்டியது கொஞ்சமே. 1987இல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற புதிய ஸ்டார் ட்ரெக் தொடர் தொடங்கியது. மானமே உயிர் என்று வாழும் போர்வீரர்களாக அவர்கள் படிப்படியாக உருமாறினார்கள். ஃபோர்டின் நாவல் அதோடு பொருந்தாது. அதனால் என்ன? தொலைக்காட்சி எழுதிய க்ளிங்கான்களைவிட ஃபோர்டின் க்ளிங்கான்கள் கூர்மையானவர்கள் என்பது என் கட்சி. பட்டியலில் அந்தப் புத்தகத்துக்கு என்று தனியாக ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன்.

எதிர்த்திசையிலும் நீர் ஓடும். ஸ்டார் ட்ரெக் கதாபாத்திரம் சூலுவுக்கு ஹிகாரு என்ற முதற்பெயர் வந்தது வோண்டா மெக்கின்டையர் 1981இல் எழுதிய 'தி என்ட்ரோபி எஃபெக்ட்' நாவலில். பத்து ஆண்டு கழித்து, ஆறாவது படத்தில் அது திரையில் ஒலித்தது. ஸ்டார் வார்ஸ் பேரரசின் தலைநகரக் கிரகத்துக்குக் கோரஸாண்ட் என்று பெயர் வைத்தவர் டிமோதி ஸான், 1991 நாவலில். 1999 படத்தில் அதே பெயர். நாவல் என்றால் வெறும் உபரி என்று ஒதுக்குகிற ரசிகர்களிடம் இந்த இரண்டைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரம் அமைதியாகிவிடுவார்கள். ஒரு நாவல் இன்று எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை வைத்து, நாளைக்கு எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

தட்டு என்று சும்மா சொல்லவில்லை. ஸ்டார் வார்ஸ் படங்களின் தயாரிப்பு நிறுவனமான லூகாஸ்ஃபிலிமில் லீலண்ட் சீ என்பவர் 2000ஆம் ஆண்டிலிருந்து ஹோலோக்ரான் என்ற தகவல் களஞ்சியத்தைப் பராமரித்தார். ஜார்ஜ் லூகாஸின் படங்கள் மேல் தட்டு, தொலைக்காட்சி அதற்குக் கீழே, நாவல்களும் காமிக்ஸும் அதற்கும் கீழே. மேலே இருப்பது கீழே இருப்பதை எப்போது வேண்டுமானாலும் தள்ளிவிடலாம். ஒரு தகவலைத் தட்டில் வைத்து வாதாடுவதே அந்த ஆண்டுகளில் ரசிகர்களுக்கு ஒரு விளையாட்டாக இருந்தது. டிஸ்னி 2012இல் லூகாஸ்ஃபிலிமை வாங்கியது. 2014 ஏப்ரல் 25ஆம் தேதி அறிவிப்பு வந்தது: அதுவரை வந்த நாவல்கள் எல்லாம் இனி 'லெஜெண்ட்ஸ்', புதிய படங்கள் அவற்றுக்குக் கட்டுப்படாது. இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்த்த கதை ஒரே நாளில் கழன்றுகொண்டது. ஆறு படங்களும் 'க்ளோன் வார்ஸ்' தொடரும் மட்டும் தப்பின.

அன்றைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த முடிவு தவறு என்று நான் நினைக்கவில்லை. 1999 நாவல் ஒன்றில் ஹான் சோலோவின் கூட்டாளி செவ்பாக்கா இறந்துவிட்டார். அதை மதித்துப் புதிய படம் எடுப்பதென்றால், திரையரங்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு முதல் பத்து நிமிடம் வகுப்பு எடுக்க வேண்டியிருக்கும். இன்னொன்றும் நடந்தது. ஸான் நாவலில் உருவாக்கிய த்ரான் என்ற தளபதி 2016இல் 'ரெபல்ஸ்' தொடரில் திரும்ப வந்தார். 2017இல் ஸானே அவரைப் பற்றிப் புதிய வரிசையில் நாவல் எழுதினார். பழைய த்ரான் நாவல்களும் லெஜெண்ட்ஸ் என்ற முத்திரையோடு தொடர்ந்து அச்சில் வந்தன. என் பட்டியலை மட்டும் இரண்டு தாள்களாகப் பிரிக்க வேண்டியதாயிற்று.

ஸ்டார் ட்ரெக்கில் இதே பிரச்சினை வேறு மாதிரி முடிந்தது. இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய கதை. 1980களின் பிற்பகுதியில் தொடங்கிச் சில ஆண்டுகள், நாவலாசிரியர்கள் தங்கள் சொந்தக் கதாபாத்திரங்களைப் புத்தகம் விட்டுப் புத்தகம் தொடரவிடக் கூடாது என்று கெடுபிடி இருந்தது. அந்தக் காலத்து நாவல்கள் தனித்தனித் தீவுகளாக இருப்பதற்கு அது ஒரு காரணம். பிறகு கெடுபிடி தளர்ந்தது. 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற ஸ்டார் ட்ரெக் தொடர் 1999இல் முடிந்தது. 2001இல் எஸ்.டி. பெரி எழுதிய 'அவதார்' என்ற இரண்டு பாக நாவல், தொடர் விட்ட இடத்திலிருந்து கதையை எடுத்துக்கொண்டு போனது. அந்தக் காலகட்டத்தைத் தாண்டித் திரையில் பெரிதாக எதுவும் வராததால், எழுத்தாளர்களுக்கு வெட்டவெளி கிடைத்தது. கதாபாத்திரங்கள் பதவி உயர்ந்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், இறந்தார்கள். இறந்தவர்கள் இறந்தவர்களாகவே இருந்தார்கள். டேவிட் மேக்கின் 2008 'டெஸ்டினி' முந்நாவல், தொடரின் கொடிய எதிரிகளான போர்க் இனத்தின் கதைக்கு ஒரு முடிவே கட்டிவிட்டது. வெவ்வேறு எழுத்தாளர்கள் ஒருவர் புத்தகத்தை இன்னொருவர் படித்து, ஒரே வரலாற்றை வளர்த்தார்கள். இவ்வளவு பேர் சேர்ந்து இவ்வளவு நாள் இப்படி ஒரு நூலை அறுபடாமல் இழுத்துச் சென்றது, இந்த வகை நாவல்களில் எனக்குத் தெரிந்து பெரிய சாதனை.

2020இல் 'பிக்கார்ட்' தொடர் வந்தது. நாவல்கள் சொன்ன எதிர்காலமும் அதுவும் ஒட்டவே இல்லை. வழக்கம்போல நாவல்களைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் டேடன் வார்ட், ஜேம்ஸ் ஸ்வாலோ, டேவிட் மேக் மூவரும் 2021இல் 'கோடா' என்ற மூன்று நாவல்களை எழுதி, அந்த வரலாற்றை முறையாக முடித்துவைத்தார்கள். நாவல்களின் உலகம் மூல காலவரிசையிலிருந்து கிளைத்துப்போன ஒன்று என்று அதற்குள்ளேயே காரணம் சொல்லி, அதன் மனிதர்கள் தங்கள் உலகத்தை விலையாகக் கொடுத்து மற்ற உலகங்களைக் காப்பாற்றுவதாக முடித்தார்கள். பிடித்தவர்கள் கொண்டாடினார்கள். பிடிக்காதவர்களின் வாதமும் லேசானதில்லை. இவ்வளவு சாவு எதற்கு, கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போயிருந்தால் எங்கள் கற்பனையில் அவர்கள் வாழ்ந்திருப்பார்களே என்பது அவர்கள் கட்சி. எனக்கு மூன்றாம் புத்தகம் பிடித்தது, முதல் புத்தகம் கொஞ்சம் அவசரமாக ஆட்களைச் சாகடிக்கிறது. முடிவு என்று ஒன்று இருப்பது இல்லாததைவிட மேல் என்ற பக்கம்தான் நான்.

ஓட்டையை அடைக்கவே எழுதப்படும் நாவல்கள் ஒரு தனி ரகம். ஸ்டார் ட்ரெக்கின் 1967 எபிசோடு ஒன்று, மரபணு மாற்றப்பட்ட கான் போன்றவர்கள் 1990களில் உலகப் போர் நடத்தியதாகச் சொல்லிவிட்டது. 1990கள் வந்தன, போயின, அப்படி எதுவும் நடக்கவில்லை. கிரெக் காக்ஸ் 2001, 2002இல் இரண்டு பாகமாக எழுதிய நாவல், அந்தப் போர் உண்மைச் செய்திகளுக்குப் பின்னால் ரகசியமாக நடந்தது என்று சாதித்தது. படிக்க அருமையாக இருக்கும். 2023இல் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடர், காலப்பயணக் குறுக்கீட்டால் அந்தப் போர் தள்ளிப்போய்விட்டது என்று ஒரே வசனத்தில் விஷயத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டது. இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரான 'என்டர்பிரைஸ்'ஸின் 2005 கடைசி எபிசோடில் கப்பலின் பொறியாளர் ட்ரிப் டக்கர் சாவது ரசிகர்களுக்குச் சகிக்கவில்லை. அந்தச் சாவு ஹோலோடெக் என்ற மெய்நிகர் அறையில் ஓடும் மறுபதிவாகத்தான் காட்டப்பட்டிருந்தது. 2007 நாவல் ஒன்று அந்த இடைவெளிக்குள் நுழைந்து, பதிவு பொய், ட்ரிப் உளவு வேலைக்காகச் செத்ததாக நடித்தார் என்றது. ஒட்டுப் போடும் வேலையே ஒரு நல்ல கதையாக வளர்ந்தால் நான் மறுக்காமல் படிப்பேன். வெறும் ஒட்டாகவே நின்றால் இருபதாவது பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

பிபிசியின் காலப்பயணத் தொடரான டாக்டர் ஹூவின் ரசிகர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. எது அதிகாரபூர்வம் என்று பிபிசி எப்போதுமே தீர்ப்புச் சொன்னதில்லை. தொடர் 1989இல் நின்றபின் 1991 முதல் வந்த நாவல்களில் ஒன்று பால் கார்னெல் எழுதிய 'ஹ்யூமன் நேச்சர்'. 1995இல் வந்தது. அவ்வப்போது உருமாறும் நாயகன் டாக்டரின் ஏழாவது வடிவம் மனிதனாக மாறி, முதல் உலகப் போருக்கு முந்தைய பள்ளியொன்றில் ஆசிரியராக இருக்கும் கதை. 2007இல் அதே கார்னெல், அதே கதையை, பத்தாவது டாக்டருக்காகத் தொலைக்காட்சியில் எழுதினார். இரண்டும் எப்படி நடந்திருக்க முடியும் என்று கேட்டால், காலப்பயணி ஒருவரின் வாழ்க்கையில் இதெல்லாம் சகஜம் என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். ஸ்டார் ட்ரெக் பழக்கத்தோடு அந்தப் பேச்சுக்குள் போனால் முதலில் மூச்சு முட்டும்.

எழுத்தாளரிடம் நேரில் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தால் எப்படிக் கேட்பது? 'பக்கம் 112இல் தப்பு செய்திருக்கிறீர்கள்' என்று தொடங்கினால் பதில் இரண்டு வார்த்தையில் முடியும். 'இந்த எபிசோடு வேறு மாதிரி சொல்கிறதே, நீங்கள் இப்படி அமைக்கக் காரணம் உண்டா?' என்று கேட்டால் பேச்சு நீளும். எனக்கு இப்படிக் கிடைத்த பதில்களில் பல, உரிமையாளர் தரப்பு மாற்றச் சொன்னது, அல்லது அந்த எபிசோடு அப்போது ஒளிபரப்பாகவில்லை என்ற வகை. சில நேரம் வேண்டுமென்றே செய்தது என்பார்கள். கதையில் அதைச் சொல்லும் கதாபாத்திரமே தப்பாக நினைவு வைத்திருக்கிறதாம். எண்களைப் பற்றி மட்டும் எழுத்தாளரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். ஸ்டார் வார்ஸ் குடியரசின் குளோன் படை மொத்தம் 30 லட்சம் என்று ஒரு நாவலாசிரியர் எழுதப்போய், பல்லாயிரம் கிரகங்களில் நடக்கும் போருக்கு அது போதுமா என்று கிளம்பிய சண்டை ஆண்டுக்கணக்கில் ஓடி, கடைசியில் தனிப்பட்ட வசவில் போய் நின்றது. அந்த எண் மாறியிருந்தாலும் கதையில் ஒரு காட்சிகூட மாறியிருக்காது.

எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாதது ஒன்று: முரணைத் தீர்க்க நீங்களே ஒரு கதை யோசனையை எழுத்தாளரிடம் நீட்டுவது. நல்லெண்ணத்தில்தான் சொல்வீர்கள். ஆனால் அவர் மனதில் ஏற்கெனவே அதே யோசனை இருந்தால், பின்னால் திருட்டுப் புகார் வருமோ என்று அதைத் தொடவே முடியாது. 'பேபிலான் 5' தொடரை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கிக்கு இது நடந்தது. குற்றவாளியின் நினைவுகளை அழித்துப் புது ஆளாக்கிய பிறகு, அவனுக்குத் தன் பழைய வாழ்க்கை தெரியவந்தால் என்ன ஆகும் என்று ஒரு ரசிகர் சும்மா யோசித்துச் சொல்ல, அதே கருவில் தான் திட்டமிட்டிருந்த எபிசோடை அவர் ஓரம் வைக்க வேண்டி வந்தது. அந்த ரசிகர் உரிமை கோரமாட்டேன் என்று எழுத்தில் கொடுத்த பிறகே, 1995இல் அது ஒளிபரப்பானது. அந்தத் தொடரின் மிகச் சிறந்த எபிசோடுகளில் ஒன்று அது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், வெளியான ஆண்டு வரிசையில் படியுங்கள் என்பேன். கதை நடக்கும் ஆண்டு வரிசையில் படித்தால் 2010களில் எழுதியதும் 1980களில் எழுதியதும் அடுத்தடுத்து வந்து, எழுத்தாளர்கள் தெரிந்தே செய்தது எது, தெரியாமல் விட்டது எது என்று பிரித்துப் பார்க்கவே முடியாமல் போகும். ஃபோர்டின் க்ளிங்கான் நாவல் தனியாக நிற்கும், அதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். 'அவதார்' படிக்குமுன் 'டீப் ஸ்பேஸ் நைன்' ஏழு பருவங்களையும் பார்த்து முடித்திருக்க வேண்டும். 'டெஸ்டினி'க்கு அவ்வளவு தேவையில்லை, தேவையான பின்னணியை மேக் உள்ளேயே சொல்லிவிடுகிறார். 'கோடா'வை மட்டும் முதலில் எடுக்காதீர்கள். அதில் சாகிறவர்கள் யார் என்றே உங்களுக்குத் தெரியாது.